உதவும் முட்டுக்கட்டை



ஒருவர் செய்ய முயலும் நற்செயலை மற்றொருவர் தடுத்தால், "முட்டுக்கட்டை போடுகிறார்" என்று நாம் குறை கூறுகிறோம். ஆனால் பாரவண்டி ஓட்டுபவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் முட்டுக்கட்டையைப் பழிக்கமாட்டார். மேட்டில் வண்டியை நிறுத்தியதும் அவர் முதலிற் செய்வது, சக்கரத்தின் அடியில் ஒரு கட்டையை வைப்பதுதான். அதன் பின்னர் மாடுகள் நுகத்தில் பாரத்தைத் தாங்கி நிற்க வேண்டியதில்லை. கட்டை தாங்குகிறது, மாடு இளைப்பாறுகிறது.

அத்தகைய கட்டை ஒன்றைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் பயன்படும் ரைபிள் துப்பாக்கியின் முன்கட்டைக்கு அடியில், இடக்கை அண்டி நிற்பதற்காகப் பொருத்தப்படும் சிறு பொருள் அது. ஆங்கிலத்தில் அதனை ஹேண்ட் ஸ்டாப் என்பார்கள். நாம் இப்பேச்சில் அதனைக் கைத்தடை என்று வழங்குவோம். தீப்பெட்டியினும் சற்றுப் பெரிய இச்சிறு பொருளுக்கு ஒரு பேச்சு வேண்டுமா என்று நீங்கள் எண்ணலாம். நான் பௌதிகம் கற்பித்த ஆசிரியன். சில ஆண்டுகள் பள்ளியில் தேசிய மாணவர் படையின் பொறுப்பையும் ஏற்றிருந்தேன். நெம்புகோலையும் விசைகளையும் பாடப்புத்தகத்தில் படித்து மதிப்பெண் பெற்றுவிட்டு, கையில் ஒரு கருவியை எடுத்ததும் அவற்றை அடியோடு மறந்துவிடும் மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். ஆகவேதான் இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன்.

முதலில் இவ்விளையாட்டின் அளவுகளைத் தெரிந்துகொள்வோம். 0.22 அங்குல ரைபிளால் 50 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைச் சுடும் போட்டி உலகெங்கும் நடைபெறுகிறது. 1907ஆம் ஆண்டில் தோன்றிய பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு அதற்கு விதிகளை வகுத்துள்ளது. அவ்விதிகளின்படி, இலக்கின் கரும்பகுதி முழுவதன் விட்டம் 112.4 மில்லிமீட்டர். அதன் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு சட்டைப் பொத்தானின் அளவுள்ள அவ்வட்டத்தை ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்து, ஒரு முறையன்று, அறுபது முறை தொடவேண்டும்.

குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். குண்டு துளைத்த துளையின் விளிம்பு வட்டக்கோட்டைத் தொட்டாலும் பத்துப் புள்ளி உண்டு. ஆகவே குண்டின் மையம், இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். துப்பாக்கியின் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் தொலைவு இருப்பதாகக் கொள்வோம். இனி உங்கள் ஒப்புவிகிதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இலக்கில் 8 மில்லிமீட்டர் என்பது முன்குறியில் ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர் ஆகும். உங்கள் குறிப்பேட்டின் ஒற்றைத் தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஒரு தாளின் கனத்துக்குச் சற்று மேலாக முன்குறி அசைந்துவிட்டால் பத்து ஒன்பதாகிவிடும்.

இவ்வளவு நுட்பமான வேறுபாடு யாருக்கு என்ன செய்துவிடும் என்று கேட்கிறீர்களா? 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் தொலைவுக்குப் படுத்துச் சுடும் போட்டியில், கொல்கத்தாவைச் சேர்ந்த ஜாய்தீப் கர்மாகர் நான்காம் இடம் பெற்றார். அவர் எடுத்த புள்ளிகள் 699.1. வெண்கலம் பெற்ற ஸ்லோவேனியா நாட்டு வீரர் ராய்மண்ட் டெபெவெட்ஸ் எடுத்தவை 701.0. எழுபது குண்டுகளைச் சுட்ட பின்னர், பதக்கத்துக்கும் வெறுங்கைக்கும் இடையே இருந்தது 1.9 புள்ளி.

இத்தகைய நுட்பத்தை மனிதனுடைய தசையால் தர முடியுமா? முடியாது என்பதை நீங்களே சோதித்தறியலாம். ஒரு செங்கல்லைக் கையில் ஏந்திக் கையை நேரே நீட்டிக்கொண்டு நில்லுங்கள். சிறிது நேரத்திற்குள் கை நடுங்கத் தொடங்கும். தசை என்பது கட்டைபோல் அசையாது நிற்கும் பொருளன்று. ஆயிரக்கணக்கான நார்கள் மாறி மாறிச் சுருங்கியும் தளர்ந்தும் பாரத்தைத் தாங்குகின்றன. அம்மாற்றமே நடுக்கமாகத் தோன்றுகிறது. களைப்பு மிகுந்தால் நடுக்கமும் மிகும். எலும்போ அவ்வாறன்று. அதன்மேல் பாரத்தை நேராக வைத்தால், தூண்போல் நிற்கும், களைப்பதில்லை. ஆகவே துப்பாக்கி சுடுவோர்க்கு முதற் பாடம் இது: பாரத்தைத் தசையிலிருந்து எலும்புக்கு மாற்றுக.

இனி, வலக்கையால் விசையை அழுத்தும் ஒருவர் குப்புறப் படுத்துச் சுடும் நிலையை மனக்கண்ணில் கொள்ளுங்கள். இடது முழங்கை தரையில் ஊன்றியிருக்கிறது. முன்னங்கை அங்கிருந்து முன்னோக்கிச் சாய்வாக மேலெழுகிறது. உள்ளங்கையின்மேல் துப்பாக்கியின் முன்கட்டை அமர்ந்திருக்கிறது. துப்பாக்கியின் பின்கட்டை வலது தோளில் பொருந்தியிருக்கிறது. இடது மேற்கையைச் சுற்றிய ஒரு வார், முன்கட்டையின் அடியிலுள்ள வளையத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

சுவரில் சாய்த்த ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணியின்மேல் ஆள் ஏறினால், அதன் கால் தரையில் வழுக்கிப் பின்னே போகப் பார்க்கும். அதனைத் தடுக்க நம் வீடுகளில் ஏணிக் காலுக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பார்கள். இங்கும் நிகழ்வது ஏறக்குறைய அதுவே. தலைகீழாக நிகழ்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. முன்னங்கை என்னும் ஏணியின் கீழ்முனை தரையில் உறுதியாக ஊன்றியிருக்கிறது. மேல்முனையாகிய உள்ளங்கையோ, பாரம் அழுத்த அழுத்த, முன்கட்டையின் அடிப்புறத்தில் முன்னோக்கி வழுக்கப் பார்க்கிறது. அதனைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. விரல்களால் முன்கட்டையை இறுகப் பிடிப்பது ஒன்று. அப்படிப் பிடித்தால் தசை வேலை செய்யும், நடுக்கம் வரும். கைக்கு முன்னால் ஒரு தடையை வைப்பது மற்றொன்று. அவ்வாறு வைத்தால் விரல்கள் தளர்ந்தே இருக்கலாம். அத்தடையே கைத்தடை.

ஆகவே, மாணவர்களே, கைத்தடை என்பது பிடித்துக்கொள்வதற்காக ஏற்பட்ட பொருளன்று. பிடிக்காமல் இருப்பதற்காக ஏற்பட்ட பொருள். இப்பேச்சில் நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். மற்றவை யாவும் இதன் விரிவே.

இதனோடு மயங்கத்தக்க மற்றொரு பொருள் உண்டு. அது முன்பிடி. துப்பாக்கியின் முன்கட்டைக்குக் கீழே ஒரு கைப்பிடிபோல் தொங்குவது. 1921ஆம் ஆண்டின் தாம்சன் துப்பாக்கியில் செங்குத்தான முன்பிடி இருந்ததைப் பழைய திரைப்படங்களில் நீங்கள் கண்டிருக்கலாம். இன்றும் போர்வீரர்களின் துப்பாக்கிகளில் முன்பிடி பொருத்துவதுண்டு. ஓடியும் திரும்பியும் அடுத்தடுத்துச் சுடவேண்டியவர்கள், துப்பாக்கியைத் தோளோடு இழுத்து அணைத்துக்கொள்வதற்கு அது உதவுகிறது. குட்டையான குழலுள்ள துப்பாக்கிகளில், இடக்கை குழலின் வாய்க்கு முன்னே சென்றுவிடாதபடி காப்பதற்கென்றே சிறு கைத்தடை வைப்பதும் உண்டு. அவர்களுடைய தேவை வேறு. நம் விளையாட்டின் தேவை வேறு. அவர்கள் வேகமாக அசையும் துப்பாக்கியை அடக்க விரும்புகிறார்கள். நாமோ அசையாத துப்பாக்கியை அசையாமலே விட்டுவிட விரும்புகிறோம். ஆகவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், "இது எனக்கு எதைச் செய்யவேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். "இது பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது?" என்பது பிந்திய கேள்வி.

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகிறேன். போட்டித் துப்பாக்கிகளின் முன்கட்டையின் அடியில் நீளவாட்டில் ஓர் உலோகக் காடி பதித்திருப்பார்கள். கைத்தடை அக்காடியில் முன்னும் பின்னும் நகரும். வேண்டிய இடத்தில் திருகை முடுக்கினால் நின்றுவிடும். காடிகள் எல்லாம் ஒரே அளவினவல்ல. ஜெர்மானிய நிறுவனமாகிய ஆன்ஷூட்ஸின் துப்பாக்கியில் உள்ள காடி ஒருவகை. வேறு நாட்டுக் காடிகள் வேறு வகை. ஆகவே துப்பாக்கியின் காடிக்குப் பொருந்துமா என்று பார்ப்பது முதல் வேலை.

இரண்டாவது, முடுக்கிய பின் அது மயிரிழையும் நகரக் கூடாது. கையால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். ஆடுமானால், எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அதனை வாங்க வேண்டாம்.

மூன்றாவது, அதன் முகம் அகன்றும் வளைந்தும் இருக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளம் அதில் வந்து படியும். முகம் குறுகியதாகவோ கூர்விளிம்பு உடையதாகவோ இருந்தால், அழுத்தம் முழுவதும் ஒரே கோட்டில் விழும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்த ஈவு என்று படித்திருக்கிறீர்கள். பரப்பு குறைந்தால் அழுத்தம் மிகும்; பத்தாவது குண்டுக்குள் கை வலிக்கும். நான்காவது, வார் மாட்டும் வளையம் சற்றுத் திரும்பக் கூடியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் வார் புறங்கையின்மீது தட்டையாகப் படியும். முறுக்கிக்கொண்டு எலும்பை அறுக்காது.

இந்நான்கும் அமைந்த எளிய கைத்தடையே போதுமானது. பளபளப்பான அலுமினியத்தில் பல திருகுகளோடு வருவனவும் உள்ளன. வசதியிருப்போர் வாங்கலாம். ஆனால் விலை மிகுந்த கைத்தடை தவறான இடத்தில் இருப்பதைவிட, எளிய கைத்தடை சரியான இடத்தில் இருப்பது மேல்.

சரியான இடம் எது? அதுவே பயன்படுத்தும் முறையின் உயிர்நாடி. கைத்தடையை முதலில் பொருத்திவிட்டு, கையை அங்கே கொண்டு சேர்ப்பது பலருடைய வழக்கம். நான் சொல்வது அதற்கு நேர்மாறானது. கை முதலில், தடை பிறகு.

துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். குழல் இலக்கின் திசையையே நோக்கியிருக்கட்டும். கைத்தடையின் திருகைத் தளர்த்தி, அதனைக் காடியின் முன்கோடிக்குத் தள்ளிவிடுங்கள். வாரை மாட்டாமல் படுத்து, துப்பாக்கியைத் தோளில் வைத்து, தலையை நிமிர்த்திக் கன்னத்தைப் பின்கட்டையில் சாயுங்கள். இடக்கையை முன்கட்டையின் அடியில் முன்னும் பின்னும் நகர்த்தி, கழுத்தும் தோளும் துன்பமில்லாமல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இப்போது நண்பர் ஒருவர் கைத்தடையைப் பின்னோக்கி நகர்த்தி, அது உங்கள் கையை மெல்லத் தொடும் இடத்தில் முடுக்கட்டும். அந்த இடத்திற்கு நேராகக் காடியின் ஓரத்தில் ஒரு பென்சில் கோடு இடுங்கள். சில துப்பாக்கிகளில் அளவுகோலே பொறித்திருக்கும். அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பின்னரே வாரை மாட்டவேண்டும். வார் மேற்கையின் மேற்பகுதியில் இருக்கட்டும். அங்கிருந்து புறங்கையை ஒட்டி வந்து கைத்தடையின் வளையத்தில் சேரட்டும். மெல்ல மெல்ல இறுக்குங்கள். எதுவரை? இடக்கையின் தசைகளை முற்றிலும் தளர்த்திய பின்னும் துப்பாக்கி கீழே இறங்காமல் நிற்கும்வரை. அதற்கு மேல் இறுக்குவது வீண்.

இப்போது ஒரு சோதனை. கண்களை மூடி, இரண்டு மூச்சு நிதானமாக விட்டுக் கண்களைத் திறந்து பாருங்கள். முன்குறி இலக்கின்மேல் இருந்தால் நன்று. இடப்புறமோ வலப்புறமோ விலகியிருந்தால், கையால் துப்பாக்கியைத் தள்ளாதீர்கள். தள்ளினால் தசை விழித்துக்கொள்ளும். இடது முழங்கையை அச்சாகக் கொண்டு உடலையே சிறிது நகர்த்துங்கள். முன்குறி மேலே இருந்தால் கைத்தடையைச் சற்று முன்னே தள்ளுங்கள். கீழே இருந்தால் பின்னே இழுங்கள்.

அது ஏன் என்பதற்குத் திரிகோண கணிதம் விடை தருகிறது. முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். முன்னங்கை தரையோடு 40 பாகைக் கோணத்தில் நின்றால், உள்ளங்கையின் உயரம் ஏறத்தாழ 19.3 சென்டிமீட்டர். கோணம் 35 பாகையானால் உயரம் 17.2 சென்டிமீட்டர். கை முன்னே சென்ற தூரமோ 1.6 சென்டிமீட்டர்தான். அதாவது, கை முன்னே செல்லும் தூரத்தைவிடத் துப்பாக்கி தாழும் தூரம் அதிகம்.

இக்கணக்கை இன்னும் ஒரு படி நீட்டுவோம். கைத்தடை ஒரே ஒரு மில்லிமீட்டர் முன்னே நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பாகைக் கோணத்தில் கை ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் தாழும். தோளிலிருந்து கைவரை 60 சென்டிமீட்டர் என்றால், 50 மீட்டருக்கு அப்பால் நோக்கு 100 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். இலக்கின் கரும்பகுதியின் ஆரம் 56.2 மில்லிமீட்டர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தோளும் முழங்கையும் அசையாதிருக்க, கைத்தடை மட்டும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், துப்பாக்கி தானாக நோக்கும் இடம் கரும்பகுதிக்கு வெளியே போய்விடுகிறது! சுடுபவர் அதனைத் தம்மையறியாமல் தசையால் தூக்கிச் சரிசெய்வார். சரிசெய்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. புள்ளிகள் ஏன் சிதறுகின்றன என்று மட்டும் வருந்துவார். திருகு உறுதியாக இருக்க வேண்டும், பென்சில் கோடு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

விதிகளும் இங்கே குறுக்கிடுகின்றன. படுத்துச் சுடும் நிலையில் வார் மாட்டிய முன்னங்கை தரையோடு 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும். ஆகவே தாழ்வாக இருப்பது உறுதியானது என்று எண்ணிக் கைத்தடையை முன்னே தள்ளிக்கொண்டே போக இயலாது. வாரின் அகலம் 40 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. அது கையின் ஒரு புறமாக மட்டுமே செல்ல வேண்டும். வளையமும் கைத்தடையும் உள்ள இடத்தைத் தவிர, துப்பாக்கியின் வேறெந்தப் பகுதியும் வாரைத் தொடலாகாது.

இந்த இடத்தில், நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். தேசிய மாணவர் படையில் நன்றாகச் சுட்ட பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை, ஒரு சங்கத்தின் சுடுகளத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தோம். அங்கே புதியவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரே ஒரு போட்டித் துப்பாக்கி. உயரமானவர் எவருக்கோ வைத்த இடத்தில் அதன் கைத்தடை இருந்தது. திருகு துருப்பிடித்து இறுகிவிட்டதால் யாரும் அதனை நகர்த்துவதில்லை. இப்பெண் உயரம் குறைந்தவள். கைத்தடையை எட்டுவதற்காகத் தோளை முன்னே தள்ளி, முழங்கையை நீட்டி, கழுத்தை வளைத்துப் படுக்க வேண்டியிருந்தது. ஐந்தாறு குண்டுகளுக்குள் அவளுடைய விரல்கள் மரத்துப்போகும். "உனக்குக் கையில் வலுவில்லை அம்மா, இது உனக்கு ஒத்துவராது" என்று அங்கிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவளும் அதை நம்பிவிட்டாள். "நான் நின்றுகொள்கிறேன் ஐயா" என்று என்னிடம் வந்து சொன்னபோது, அவள் அழவில்லை. தன்னுடைய குறை இன்னதென்று அறிந்துகொண்டவளைப் போல அமைதியாகப் பேசினாள். அந்த அமைதிதான் என் மனத்தை வருத்தியது.

மறுவாரம் அவளுடன் நானும் சென்றேன். மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்த பின் அத்திருகு அசைந்து கொடுத்தது. முன்னே நான் சொன்ன முறைப்படி அவளைப் படுக்கச் செய்து, கை நின்ற இடத்துக்குத் தடையைக் கொண்டுவந்தோம். அது பழைய இடத்திலிருந்து மூன்று விரற்கடை பின்னே இருந்தது. வாரையும் அதற்கேற்ப மாற்றினோம். அன்று அவள் இருபது குண்டுகள் சுட்டாள், விரல் மரக்கவில்லை. அவள் ஒலிம்பிக் வீராங்கனை ஆகவில்லை. மாவட்ட அளவில் இரண்டாண்டுகள் சுட்டாள், பின்னர்ச் செவிலியர் படிப்புக்குச் சென்றாள். ஆனால் தன் கையில் வலுவில்லை என்ற எண்ணத்தை அவள் தன்னோடு எடுத்துச் செல்லவில்லை. மூன்று விரற்கடைத் தொலைவு ஒரு பெண்ணைத் தன்னைப் பற்றியே தவறாக நினைக்க வைத்துவிடும். இதனை உங்களைவிட, இப்பேச்சைக் கேட்கும் ஆசிரியர்களுக்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கருவி கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே, கை கருவிக்குத் தகுதியா என்று முடிவு செய்யவேண்டும்.

வலியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. புதிதாகப் பழகுவோர்க்கு வார் பட்ட இடத்தில் சிறிது உறுத்தல் இருப்பது இயல்பு. கனமான கையுறை அதனைக் குறைக்கும். ஆனால் விரல்கள் மரத்துப்போவதும், ஊசி குத்துவதுபோல் இருப்பதும், தோல் நிறம் மாறுவதும் இயல்பல்ல. நரம்போ இரத்த ஓட்டமோ நெருக்கப்படுகிறது என்பதற்கு அவை அறிகுறி. உடனே நிறுத்தி வாரைத் தளர்த்துங்கள். பொறுத்துக்கொள்வது இங்கே வீரமன்று. மற்றொரு குறிப்பும் உண்டு. முன்குறி ஒரு தாளகதியில் துடிப்பதுபோல் தோன்றினால், அது உங்கள் நாடித்துடிப்பே. மேற்கையின் உட்புறத்தில் ஓடும் தமனியை வார் அழுத்துகிறது. வாரைச் சற்று மேலேயோ வெளிப்புறமாகவோ நகர்த்தினால் துடிப்பு அடங்கும்.

படுத்துச் சுடும் தனிப்போட்டி 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கோடு அவ்விழாவிலிருந்து நீங்கிவிட்டது. எனினும் மூன்று நிலைப் போட்டியில் படுத்தநிலை ஒரு பகுதியாக இருக்கிறது. மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுடவேண்டிய போட்டி அது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், மராட்டிய மாநிலத்துக் கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ரயில்வே ஊழியரான ஸ்வப்னில் குசாலே, இப்போட்டியின் இறுதிச்சுற்றில் 451.4 புள்ளிகள் எடுத்து வெண்கலம் வென்றார். இப்பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. இப்போட்டியில் மண்டியிடும்போது கைத்தடைக்கு ஓர் இடம். படுக்கும்போது வேறோர் இடம். நின்று சுடும்போது வார் பயன்படுத்த விதி இடம் தரவில்லை. அங்கே முழங்கை இடுப்பெலும்பின்மேல் அமர்ந்து பாரத்தைத் தாங்குகிறது. நிலை மாறும்போது கைத்தடையின் இடமும் மாறவேண்டியிருப்பதால், ஒவ்வொரு நிலைக்கும் உரிய அளவைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பவரே தடுமாறாமல் சுடுவார்.

குறிப்பேட்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள். கைத்தடையையும் நகர்த்தி, வாரையும் இறுக்கி, பின்கட்டையின் நீளத்தையும் மாற்றினால், புள்ளி கூடினாலும் குறைந்தாலும் அதற்குக் காரணம் எது என்று அறியமாட்டீர்கள். சோதனைச்சாலையில் ஒன்றை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாமல் வைக்கிறீர்களே, அதே முறைதான். மாற்றத்திற்குப் பின் பத்துக் குண்டுகளாவது சுட்டு, அவை இலக்கில் விழுந்த இடங்களை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் துப்பாக்கி எங்கே திரும்பி வந்து நிற்கிறது என்றும் கவனியுங்கள். உதைத்த பின் தானாகவே பழைய இடத்துக்கு வந்து நின்றால், கைத்தடை தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. துப்பாக்கி விளையாட்டுப் பொருளன்று; விளையாட்டுக்குப் பயன்படும் ஆயுதம். 0.22 ரைபிளை வைத்திருக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாணவர்களாகிய நீங்கள் தேசிய மாணவர் படையிலோ, முறையாகப் பதிவு பெற்ற சங்கத்திலோ, பயிற்சியாளர் அருகிருக்கும்போது மட்டுமே அதனைத் தொடவேண்டும். கைத்தடையைச் சரிசெய்யும்போது கவனம் முழுவதும் திருகிலேயே இருக்கும். குழல் எங்கே நோக்குகிறது என்பது மறந்துபோகும். ஆகவே திருகில் கைவைக்கும் முன், குண்டு இல்லை என்பதை இரண்டாம் முறையும் பாருங்கள். உதவ வரும் நண்பர் குழலுக்கு முன்பக்கம் வராமல் பக்கவாட்டிலிருந்தே கைநீட்டட்டும். சுடுகளத்தில் "நிறுத்து" என்ற குரல் கேட்டால், பாதி முடுக்கிய திருகை அப்படியே விட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

துப்பாக்கியைத் தொடும் வாய்ப்பு உங்களுள் பலருக்கு வராமலும் போகலாம். அவர்களும் ஏணியும் கல்லும் கொண்டு இந்தத் தத்துவத்தைச் சோதிக்கலாம். மேலே சொன்ன கணக்கை 45 பாகைக்கும் 50 பாகைக்கும் போட்டுப் பார்க்கலாம். கோணம் மிகும்போது கைத்தடையின் ஒரு மில்லிமீட்டர் நகர்வு துப்பாக்கியைக் கூடுதலாகத் தாழ்த்துகிறதா, குறைவாகத் தாழ்த்துகிறதா? விடையை நான் சொல்லப்போவதில்லை. சைன், கொசைன் அட்டவணை உங்கள் கையிலேயே இருக்கிறது.